‘கிராண்ட் கேன்யன்’: நின்றுபோன ஒரு காருக்குப் பின்னால் இருக்கும் அறுபது வருடக் கதை

1991 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் வெளியான ‘கிராண்ட் கேன்யன்’ படத்தை இப்போது பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருகின்றன. கார் ரிப்பேராகித் தெருவில் நின்றதற்கு அந்த வெள்ளைக்கார வக்கீல் ஏன் உயிர் போகிற மாதிரி நடுங்குகிறார்? அப்புறம், யாரோ யாரையோ காப்பாற்றுவது, யாருக்கோ புதரில் குழந்தை கிடைப்பது என்று இத்தனை தற்செயல்களை ஒரே கதையில் எப்படி நம்புவது?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அது திரைக்கதையில் இல்லை, லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. அதனால் படத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் கொஞ்சம் ஊரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கதை

இயக்கியவர் லாரன்ஸ் காஸ்டன். மனைவி மெக் காஸ்டனுடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். மாக் (கெவின் க்ளைன்) குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். லேக்கர்ஸ் அணியின் கூடைப்பந்து ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது நெரிசலைத் தவிர்க்கக் குறுக்குத் தெருக்களில் நுழைகிறார், வழி தவறுகிறார், கார் நின்றுவிடுகிறது. நாலைந்து கறுப்பின இளைஞர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவனிடம் துப்பாக்கி. அந்த நேரத்தில், அவர் போன் செய்து வரவழைத்த, பழுதான காரை இழுத்துப்போகும் டோயிங் வண்டி வந்து சேர்கிறது. அதை ஓட்டி வருபவர் சைமன் (டேனி க்ளோவர்), அவரும் கறுப்பினத்தவர்.

இந்த ஒரு இரவிலிருந்து கதை கிளை பிரிகிறது. மாக்கின் மனைவி கிளேர் (மேரி மெக்டானல்) ஓட்டப் பயிற்சிக்குப் போன இடத்தில் புதரில் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டெடுக்கிறார். மாக்கின் நண்பர் டேவிஸ் (ஸ்டீவ் மார்ட்டின்) ரத்தம் தெறிக்கும் ஆக்‌ஷன் படங்களின் தயாரிப்பாளர்; கைக்கடிகாரத்துக்காக ஒரு திருடன் அவர் காலில் சுட்டுவிடுகிறான். சைமனின் தங்கை வீட்டின் மீது குண்டுகள் பாய்கின்றன, அவள் மகன் ஓட்டிஸ் கேங்கில் சேர்ந்துவிட்டான். மாக்கின் செயலாளர் டீ (மேரி-லூயிஸ் பார்க்கர்), அவளுடைய தோழி ஜேன் (ஆல்ஃப்ரே வுடார்ட்) என்று இன்னும் சிலர்.

நாயகன் என்று ஒருவர் இல்லாமல் ஏழெட்டுப் பேருடைய வாழ்க்கை உரசிக்கொண்டு போகும் இந்த மாதிரிப் படத்தைக் கூட்டுக்கதைப் படம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. பாத்திரங்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போட எழுத்தாளருக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் தற்செயல்தான். அதை அதிகமாகப் பயன்படுத்தினால் பார்ப்பவனுக்குக் கயிறு தெரிந்துவிடும்.

ஒரு தெரு அந்நிய நாடாக ஆனது எப்படி

அப்போது லேக்கர்ஸ் அணி ஆடியது லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட் என்ற ஊரில் இருந்த ஃபோரம் அரங்கத்தில். அரங்கம் திறந்தது 1967 டிசம்பரில். அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டால் மாக்கின் நடுக்கம் புரியும்.

1. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சலஸில் ஏராளமான வீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது: இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான்.

2. 1933-இல் அமைக்கப்பட்ட ஒரு மத்திய அரசு வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று கருதியவற்றுக்குச் சிவப்பு வண்ணம். கறுப்பினத்தவர் வாழும் தெருக்கள் அநேகமாகச் சிவப்பில்தான் விழுந்தன. வங்கிக் கடன் இல்லை என்றால் வீடு வாங்க முடியாது, இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் முடியாது. தெரு தேய்கிறது, தேய்ந்துவிட்டதால் கடன் இல்லை என்று மறுபடி சொல்கிறார்கள். சிவப்புக்கோடு போடுவது (ரெட்லைனிங்) என்ற பேச்சு வழக்கே இதிலிருந்து வந்ததுதான்.

3. 1963-இல் கலிஃபோர்னியா அரசு வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. அடுத்த வருடமே மக்கள் வாக்கெடுப்பு வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய ஆதரவோடு அந்தச் சட்டத்தை முடக்கினார்கள். பின்னால் நீதிமன்றங்கள் அந்த வாக்கெடுப்பைச் செல்லாது என்றாலும், சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. 1965 ஆகஸ்டில், தென் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள்.

4. வாட்ஸுக்குப் பிறகு வெள்ளையர்கள் வேகமாக வெளியேறினார்கள். இங்கிள்வுட்டில் 1960 கணக்கெடுப்பின்படி 63,000-க்கும் மேற்பட்டவர்களில் கறுப்பினத்தவர் 29 பேர். ஆம், இருபத்தொன்பது. 1980-க்குள் ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

5. அவர்கள் வந்து சேர்ந்த நேரம் பார்த்து வேலை போனது. தென் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி இருந்த டயர், கார், இரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சவுத் கேட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-இல் மூடியது. ஆலை போன இடத்துக்குக் கிராக் கொக்கெயின் என்ற போதைப்பொருளும், அதை விற்கும் கேங்குகளும், அவர்களைப் பிடிக்கிறோம் என்று தெருவையே வளைத்த போலீஸும் வந்தார்கள். 1991, 1992 இரண்டு வருடங்களிலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் கொலைகள்.

இந்தப் பின்னணியில், படம் வந்த 1991-இல் அந்த அரங்கத்தைப் பாருங்கள். ஊர் மாறிவிட்டது, அரங்கம் அங்கேயே நிற்கிறது. முன்வரிசை டிக்கெட் வாங்குபவர்கள் மேற்குப் பகுதியிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் காரில் வருகிறார்கள், ஆட்டம் பார்க்கிறார்கள், அதே காரில் போய்விடுகிறார்கள். வாரம் இரண்டு முறை வந்துபோகும் ஊரில் அவர்கள் ஒரு டீக்கடையில்கூட நின்றதில்லை. நகரத்தின் அதிவேகச் சாலைகளும் இதற்கு ஒத்தாசை. ஒரு பேட்டையின் தலைக்கு மேலேயே, அதன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிவிடலாம். மாக் செய்த ஒரே தவறு, பெரிய சாலையை விட்டு இறங்கியது.

இவர்கள் சந்திக்கக்கூடாது என்றுதான் பத்திரம், கடன், சாலை எல்லாமே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெள்ளைக்கார வக்கீலும் ஒரு கறுப்பின டோயிங் டிரைவரும் வேறு எப்படித்தான் சந்திப்பார்கள்? ஏதாவது கெட்டுப்போனால்தான் உண்டு. தற்செயல் இங்கே திரைக்கதையின் சோம்பேறித்தனம் இல்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

துப்பாக்கி இருந்தால்தான் மரியாதையா?

படத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி அந்தத் தெருவில் நடப்பதுதான். சைமன் வண்டியை விட்டு இறங்கி நிதானமாக வேலையைத் தொடங்குகிறார். சண்டை போடவில்லை, வீர வசனம் பேசவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் பையனைத் தனியாக அழைத்து ஒரு உதவி கேட்கிறார்: இந்தக் கார் என் பொறுப்பு, இந்த ஆள் என் பொறுப்பு, எங்களைப் போகவிடு. உலகம் இப்படி இருக்க வேண்டியதில்லை, என் வேலையைச் செய்ய உன்னிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது என்கிறார்.

பையன் திருப்பிக் கேட்கும் கேள்விதான் முக்கியம். நீ என்னை மதித்துக் கேட்கிறாயா, இல்லை என்னிடம் துப்பாக்கி இருப்பதால் கேட்கிறாயா? சைமன் பொய் சொல்லவில்லை. துப்பாக்கி இல்லை என்றால் நாம் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம் என்கிறார். பையனுக்கும் அதில் வருத்தம் இல்லை. அதனால்தான் எப்போதும் கையில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவிடுகிறான்.

மேலே சொன்ன ஐந்து பத்திகளும் இந்த நாலு வரியில் இருக்கின்றன. வீடு, கடன், வேலை எல்லாம் மறுக்கப்பட்ட தெருவில் ஒருவன் தன்னைப் பார்க்கவைக்கக் கையில் மிச்சம் இருப்பது இதுதான். அவனைப் பேயாகக் காட்டாமல், கணக்குத் தெரிந்தவனாகக் காட்டியது எழுத்தின் பலம். சைமனும் மாக்கின் நன்மைக்காகப் பிறந்த தேவதூதன் மாதிரி வரவில்லை. ராத்திரி ஷிப்டில் வேலை பார்ப்பவர், அவ்வளவுதான்.

முதல் சந்திப்பு, இரண்டாவது சந்திப்பு

தற்செயல் என்று நாம் பொதுவாகச் சொல்வதை இந்தப் படம் இரண்டாகப் பிரிக்கிறது என்பது என் கணிப்பு. நடந்துவிடுவது ஒன்று. நடந்தபின் அதை என்ன செய்கிறோம் என்பது இன்னொன்று.

கார் சம்பவம் முடிந்து சில நாள் கழித்து மாக் சைமனைத் தேடிப்பிடித்துச் சாப்பிட அழைக்கிறார். சைமனுக்குப் புரியவில்லை, வேலையைச் செய்தேன், கூலி வந்துவிட்டது, அப்புறம் என்ன? அப்போது மாக் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறார். வில்ஷயர் சாலையில் யோசனையோடு நடைபாதையிலிருந்து இறங்கியவரை யாரோ ஒரு பெண் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மூக்குக்கு முன்னால் பஸ் போனது. திகைப்பில் ஒரு வார்த்தை நன்றி சொன்னதோடு சரி, அவள் நடந்து போய்விட்டாள். அன்று விட்டுவிட்டேன், இந்த முறை விடக்கூடாது என்று தோன்றியது என்கிறார்.

ஆக, முதல் சந்திப்பு விதி என்றால் இரண்டாவது சந்திப்பு முடிவு. படம் முழுக்க இரண்டாவதைப் பற்றித்தான். கிளேருக்குக் குழந்தை கிடைத்தது தற்செயல். அதைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகாமல், வளர்க்க வேண்டும் என்று கணவனோடு மல்லுக்கு நிற்பது முடிவு. டேவிஸ் இதற்கு நேர் எதிர். குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஞானம் வந்து, இனி வன்முறைப் படமே எடுக்கமாட்டேன் என்கிறார். கால் குணமானதும் ஞானமும் குணமாகிவிடுகிறது. பழைய வேலைக்கே திரும்புகிறார், அதற்குக் கலைத் தத்துவம் வேறு சொல்கிறார். சிரிக்கவைத்துக்கொண்டே வயிற்றில் கத்தி வைக்கும் பாத்திரம் இது. ஸ்டீவ் மார்ட்டின் வேறு எந்தப் படத்திலும் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை என்றுகூடச் சொல்வேன். ‘லீத்தல் வெப்பன்’ ஆக்‌ஷன் பட வரிசையின் தயாரிப்பாளர் ஜோயல் சில்வரைப் பார்த்து எழுதியது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்த வரிசையின் நாயகர்களில் ஒருவரான டேனி க்ளோவர்தான் இங்கே துப்பாக்கியே தொடாத சைமன்.

பள்ளத்தாக்கு என்றால் எது?

தலைப்பு அரிசோனாவில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தாக்கைக் குறிக்கிறது. படத்தில் அதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

டேவிஸுக்கு அது ஒரு பிளவு. இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவே தரை பிளந்து விரிந்துகொண்டே போகிறது, அதிலிருந்துதான் இந்த வன்முறை எல்லாம் கிளம்புகிறது என்று பேசுகிறார். சரியான அரசியல் பார்வை. ஆனால் அதைச் சொல்வது, சொன்ன கையோடு அடுத்த ரத்தப் படத்துக்குப் போகும் ஆள். சரியாகப் பேசுவதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது என்று காஸ்டன் காட்டுகிறாரா, அல்லது தன் தொழிலைத் தானே கிண்டல் செய்கிறாரா? இரண்டும்தான் போலிருக்கிறது, ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ எழுதியவரும் அவர்தானே.

சைமனுக்குப் பள்ளத்தாக்கு காலம். அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பாறைகளுக்கு நம்மைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும் என்கிறார். வேகமாகப் போகும் கார் ஒன்று தாண்டிவிட்டுப்போகும் சாலையோரத்து மாடு, அதன் பின்புறத்தில் உட்கார்ந்த கொசு, அந்த அளவுதான் நாம். கடைசியில் இரண்டு குடும்பங்களும் அங்கே போய் நிற்கின்றன. முடிவு அவ்வளவே.

இந்த முடிவைத்தான் பலர் தூக்கம் வரும் சமாதானம் என்று குறை சொன்னார்கள். பாறை முன்னால் எல்லோரும் சமம் என்பது, சிவப்புக்கோட்டால் வீடு கிடைக்காதவனுக்கு எந்த விதத்திலும் பதில் இல்லை. நியாயமான குறைதான். டேவிஸ் சொன்ன பிளவை சைமன் சொன்ன காலத்தைக் கொண்டு படம் மூடப் பார்க்கிறது, மூடவில்லை.

இடிக்கும் இடங்கள்

இன்னும் இரண்டு இடங்களில் படம் தடுமாறுகிறது. அவற்றில் ஒன்று அதற்கே தெரியும்.

1. உதவியின் திசை. சைமன் ஒரு இரவு உதவினார். அதற்கப்புறம் கொடுக்கும் கை எப்போதும் மாக்குடையது: சைமனின் தங்கைக்கு நல்ல பகுதியில் வீடு பார்த்துத் தருகிறார், சைமனுக்கு ஜேனை அறிமுகம் செய்துவைக்கிறார். இரண்டாவது சந்திப்புக்குத் தேவையான நேரமும் தொடர்புகளும் ஒரு பக்கம்தான் இருக்கின்றன. இதைப் படம் உணர்ந்திருக்கிறது. சைமனும் ஜேனும் முதல்முறை வெளியே போகும்போது, மாக் ஏன் நம் இருவரையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார் என்று யோசிக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த கறுப்பினத்தவர்களே நாம் இரண்டு பேர்தானோ என்று சிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்பு படத்தைக் காப்பாற்றுகிறது. புது வீட்டுக்குப் போன ஓட்டிஸ் அமைதியான தெருவில் ஓடும்போது போலீஸ் அவனை மறிப்பதும் அப்படித்தான். விலாசத்தை மாற்ற மாக்கால் முடிந்தது. அந்த விலாசத்தில் அவனை யாராகப் பார்ப்பார்கள் என்பது அவர் கையில் இல்லை.

2. குழந்தையின் கதை. பெற்றவள் யார், ஏன் புதரில் விட்டாள் என்பதற்குள் படம் போகவே இல்லை. கிளேரின் அதிசயம் இன்னொருத்தியின் பேரிழப்பு என்பதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது பெரிய ஓட்டை.

பிறகு ஏன் மறந்துபோனார்கள்?

அங்கீகாரம் கிடைக்காத படம் இல்லை இது. 1992 பெர்லின் திரைப்பட விழாவில் உயர்ந்த விருதான தங்கக் கரடி கிடைத்தது. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களில் நான்காவதாக வைத்தார்.

ஆனால் அதே திரைக்கதைப் பட்டியலில் ஜான் சிங்கிள்டனின் ‘பாய்ஸ் என் த ஹுட்’ இருந்தது (விருது இரண்டுக்கும் போகவில்லை, ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ வாங்கியது). அதே லாஸ் ஏஞ்சலஸ், அதே கேங்குகள், தலைக்கு மேலே இடைவிடாமல் சுற்றும் அதே ஹெலிகாப்டர் சத்தம். ஆனால் கேமரா மாக்கின் காருக்குள் இல்லை, அந்தத் தெருவில் வளர்ந்த பையனின் வீட்டுக்குள் இருந்தது. படம் வெளியானபோது எடுத்தவருக்கு இருபத்துமூன்று வயது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நடுத்தர வயது வக்கீலின் கவலை கொஞ்சம் சொகுசாகத் தெரிந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

பிறகு 2005-இல் ‘க்ராஷ்’ திரைக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ், இனம், தற்செயல், ஏழெட்டுப் பாத்திரங்கள் என்று அதே சரக்கு. 2006-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘க்ராஷ்’ படத்தில் ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணைச் சோதனை என்ற பேரில் தொட்டு அவமானப்படுத்துகிறார். மறுநாள் எரியப்போகும் காரிலிருந்து அதே பெண்ணை அதே போலீஸ்காரர்தான் இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் வாழும் ஊரில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் மறுபடி மறுபடி மோதிக்கொள்கிறார்கள். அங்கே இரண்டாவது சந்திப்பையும் எழுத்தாளர்தான் ஏற்பாடு செய்கிறார். ‘கிராண்ட் கேன்யன்’ அதைப் பாத்திரத்திடம் விட்டுவிடுகிறது. சத்தம் குறைவு, அதனால் ஞாபகமும் குறைவாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து

படம் வெளியான வருடத்தில், 1991 மார்ச் 3 அன்று நள்ளிரவு தாண்டி, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் அடித்ததை எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வீடியோ எடுத்தார். 1992 ஏப்ரல் 29 அன்று அந்தப் போலீஸ்காரர்கள் நான்கு பேரும் அநேகமாக எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள். நகரம் எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சேதம் 100 கோடி டாலர் அளவுக்குப் போனது.

அன்று மாலை ஃப்ளோரன்ஸ், நார்மண்டி சாலைகள் சந்திக்கும் இடத்தில் ரெஜினால்ட் டென்னி என்ற வெள்ளைக்கார லாரி டிரைவரை வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். தலைக்கு மேல் செய்தி ஹெலிகாப்டர் பறந்துகொண்டு அதை நேரலையில் காட்டியது. போலீஸ் வரவில்லை. அந்தப் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத்தவர் நால்வர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பி அங்கே போனார்கள். அவர்களில் பாபி கிரீன் என்பவருக்கும் லாரி ஓட்டுவதுதான் தொழில். டென்னியின் லாரியில் ஏறி, அவரை அதிலேயே வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

படத்தைக் கற்பனை என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சைமனாவது கூப்பிட்டதால் வந்தவர், அது அவர் வேலை. இவர்களை யாரும் கூப்பிடவில்லை. டென்னி அந்தச் சந்திப்புக்கு லாரியோடு வந்தது தற்செயல். டிவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தது தற்செயல் இல்லை. லாரி போய் நின்ற ஆஸ்பத்திரி, ஃபோரம் அரங்கம் இருந்த அதே இங்கிள்வுட்டில் இருந்தது.